துண்டுக்கு வெளியே சொன்ன விலை

உ

உசிலம்பட்டி,
வெகுதானிய வருஷம் ஐப்பசி மாதம் 24-ந் தேதி

சிரஞ்சீவி கருத்தக்கண்ணனுக்கு உன் அப்பன் பேயாண்டி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான், உன் ஆத்தா, செவலைப் பசு, அது புதிதாகப் போட்ட காளைக்கன்று எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதி நாங்கள் தெரிந்துகொள்வதுதான் இத்தனை நாள் வழக்கம், இந்தத் தடவை உன் காலேஜே எழுதித் தெரிவித்துவிட்டது, அதுவும் ரிஜிஸ்தர் தபாலில். மூன்று வருஷமாகப் பட்டணத்தில் இருக்கிறாய், செருப்பு வார் அறுந்தால் கார்டு போடுகிறாய், தலையில் பொடுகு வந்தால் கார்டு போடுகிறாய், காலேஜை விட்டே உன்னைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்றால் அதற்கு மட்டும் கார்டு கிடைக்கவில்லையா? மை தீர்ந்துபோச்சா? நேரில் வா, அதைத் தனியாக விசாரித்துக்கொள்கிறேன். இப்போது நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி, ஏனென்றால் உன் மாமன் நல்லகாமனும் உனக்கு எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் எழுதினால் அதில் கதாநாயகன் அவனாகத்தான் இருப்பான்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அந்தக் கவர் வந்தது. உள்ளே இங்கிலீஷில் ஒரு கடிதம், கூடவே அச்சடித்த பாரம் ஒன்று. எனக்குத் தெரிந்தது மூன்றாம் வகுப்புத் தமிழ், அதை வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன். ஆகையால் உன்னை அடித்துப் படிக்கவைத்த சின்னச்சாமி வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொன்னார். உங்கள் மகன் காலேஜ் தமிழ்ச் சங்கத்தில் ஆட்சேபகரமாகப் பேசிவிட்டான், அவனை நீக்குவதென்று கமிட்டி யோசித்திருக்கிறது, பிரின்ஸிபாலும் கமிட்டித் தலைவர் ராவ்பகதூரும் தீபாவளி கழித்து மூன்றாம் நாள் மதுரைக்கு வருகிறார்கள், முசாபரி பங்களாவில் தங்குவார்கள், தகப்பனார் நேரில் வந்து இந்தப் பாரத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தால் மன்னிப்பதைப் பற்றிப் பார்க்கலாம் என்று இருந்தது. பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மகன் பேசியது தப்பு, இனிமேல் எந்தக் கூட்டத்திலும் எந்தத் தாளிலும் காலேஜ் விஷயமாக வாய் திறக்கமாட்டான், திறந்தால் அதற்குத் தகப்பன் ஜவாப்தாரி என்று எழுதியிருக்கிறது என்றார். சரி, அப்படி என்னதான் பேசித் தொலைத்தான், அது போட்டிருக்கிறதா என்றேன். வாத்தியார் தாளைத் திருப்பிப் பார்த்தார், கவரை ஊதி உள்ளேயும் பார்த்தார், அது மட்டும் இல்லை பேயாண்டி என்றார்.

அது இல்லாததுதான் வினையாகப் போயிற்று. நம்ம மந்தையில் கூட்டம் போட்டு ஒருத்தனைக் கேள்வி கேட்டால்கூட, நீ இன்னார் புஞ்சையில் இன்ன வரப்பை இத்தனை முழம் தள்ளி வெட்டினாய் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுத்தான் கேட்போம். இங்கே மகன் குற்றவாளி, குற்றம் என்னவென்று கிடையாது. ஊர் சும்மா இருக்குமா, ஆளுக்கு ஒரு குற்றம் எடுத்துக் கொடுத்தார்கள். உன் ஆத்தா, "எம்மகன் சோறு வேகலன்னு சொல்லியிருப்பான், வேற என்னத்தச் சொல்லப்போறான், அதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டு அழ உட்கார்ந்தாள். உன் மாமன், இது சர்க்காருக்கு எதிரான பேச்சு, மருமகன் இந்நேரம் ஜெயிலில் இருப்பான், மாலைக்குச் சொல்லி வைப்போமா என்றான். காப்பிக் கடையில் நீ வெள்ளைக்கார துரையின் தொப்பியைத் தட்டிவிட்டதாக ஒரு பேச்சு, ஹாஸ்டல் வார்டனின் மகளைப் பற்றி ஒரு பேச்சு. அந்தக் கடைசிப் பேச்சை உன் ஆத்தா காதில் விழாமல் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டே நாளில் நீ பேசாத பேச்சு இந்தத் தாலுகாவில் பாக்கி இல்லை.

உண்மையை உன்னிடம் மறைப்பானேன், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை வரைக்கும் நம் ஜனத்தில் பி.ஏ. என்று யாரும் கிடையாது, நீ ஒருத்தன் பங்குனியில் யூனிவர்ஸிடி பரீட்சை எழுதினால்தான் உண்டு. அதற்கு ஆறு மாசம்கூட இல்லாதபோது காலேஜை விட்டு அனுப்பினால் மூன்று வருஷமும் மண்ணாய்ப் போகுமே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவும் போக, பேசாமல் இருப்பதாக எழுதிக்கொடுப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்றும் தோன்றியது. நான் முப்பது வருஷமாகப் பிழைப்பதே பேசாமல்தானே. சந்தையில் துண்டை விரித்துக் கையை மூடிவிட்டால் அதற்கப்புறம் வாய்க்கு வேலை கிடையாது. உள்ளே விரலைப் பிடித்து விலை கேட்பான், விரலைப் பிடித்து விலை சொல்வேன், பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக்கூட மாடு என்ன விலைக்குப் போயிற்று என்று தெரியாது. துண்டுக்குள் முடிந்த விலையை வெளியே கூவின தரகன் அன்றோடு வேறு தொழில் பார்க்கணும். அப்படிப்பட்டவன் மகனுக்கு இம்புட்டு வாய் எங்கிருந்து வந்தது என்று உன் ஆத்தாவிடம் கேட்டேன், அவள், "எங்க அண்ணன் வழி" என்று பெருமையாகச் சொன்னாள்.

அந்த அண்ணன்காரன், உன் மாமன், மதுரைக்குப் போகிற அன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போதே ரயிலடியில் காத்திருந்தான். தலைப்பாகை என்ன, கக்கத்தில் ஒரு சேவல் என்ன. மாப்ள, பெரிய மனுஷனைப் பார்க்க வெறுங்கையோடவா போறது என்றான். பிரின்ஸிபால் ஐயரடா, ஹாலாஸ்யம் ஐயர் என்று வாத்தியார் படித்துச் சொல்லும்போது நீயும்தானே கேட்டுக்கொண்டிருந்தாய், அவருக்குச் சேவலைக் கொடுத்தால் மகனோடு சேர்த்து நம்மையும் நீக்கிவிடுவார் என்றேன். அப்ப ராவ்பகதூருக்குக் கொடுப்போம் என்றான். அவர் என்ன சாப்பிடுவார் என்று யாருக்குத் தெரியும்? உன் ஆத்தா நெய்ச்சட்டி கொடுத்திருந்தாள், தீபாவளிக்கு எடுத்த சிவப்புக் கரைத் துண்டையும் என் தோளில் போட்டு, பெரிய இடம், அழுக்குத் துண்டோடு போகவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்தத் துண்டை ஞாபகம் வைத்துக்கொள். போடி வண்டியில் மதுரை போய்ச் சேரும் வரைக்கும் சேவல் கூவிக்கொண்டே வந்தது.

பங்களாவில் கூடத்துக்குள் என்னை மட்டும் விட்டார்கள். உன் மாமனையும் சேவலையும் வராந்தாவில் நிறுத்தினார்கள், ஆனால் சன்னல் திறந்திருந்ததால் இரண்டு பேரும் கூட்டத்தில் கலந்துகொண்டதாகத்தான் கணக்கு. ராவ்பகதூர் நடுவில் சாய்வு நாற்காலியில், பக்கத்தில் உன் பிரின்ஸிபால், மேஜை ஓரத்தில் ஒரு குமாஸ்தா. பிரின்ஸிபாலைப் பற்றி நீ எழுதியிருந்ததை வைத்துப் புலி மாதிரி ஒருத்தரை எதிர்பார்த்துப் போனேன். மனுஷர் பாவம், ராவ்பகதூர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். பாரத்தை என் முன்னால் தள்ளினார்கள். நான் கும்பிட்டுவிட்டு, போடுகிறேன், ஆனால் மகன் என்ன பேசினான் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ராவ்பகதூர், அதை என் வாயால் சொல்லமாட்டேன் என்றார். குமாஸ்தா வாயால் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். அதெல்லாம் திருப்பிச் சொல்லத் தகாத பேச்சு என்றார். "சாமி, சொல்லவே முடியாத பேச்சுக்கு நான் எதைச் சொல்லி மன்னிப்புக் கேப்பேன், ஊருக்குப் போனா எம்பொண்டாட்டி அதைத்தானே மொதல்ல கேப்பா" என்றேன். பிரின்ஸிபால் உதட்டைக் கடித்தார், அது சிரிப்பை அடக்குவதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வாசியும் என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

குமாஸ்தா நிலப் பத்திரம் வாசிக்கிற குரலில் வாசித்தார். காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறதாம், அதை ராவ்பகதூரின் தாத்தா வெட்டினார் என்று காலேஜ் புஸ்தகத்தில் அச்சுப் போட்டிருக்கிறதாம். உன் சரித்திர வாத்தியார் அனந்தநாராயணன் உங்களைக் கூட்டிப்போய் மடையில் இருக்கிற கல்லைக் காட்டி, இதில் இருக்கிற எழுத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தியது, வெட்டினது ஊர் ஜனங்கள், தாத்தா கரையை உயர்த்தினாரோ என்னவோ, வெட்டவில்லை என்று பாடம் சொன்னாராம். அதற்காக அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நீ சங்கத்தில் எழுந்து பேசியது இது. குமாஸ்தா இரண்டு தரம் வாசித்ததால் எனக்கு அப்படியே பாடமாகிவிட்டது. "என் தகப்பனார் மாட்டுத் தரகர். எங்கள் சந்தையில் மாட்டுக்கு வயசு சொல்வது மாட்டுக்காரர் இல்லை, மாட்டின் பல். மாட்டுக்காரர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் என் தகப்பனார் மாட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் துண்டைப் போடுவார். இந்தக் குளத்தின் வயசு மடைக் கல்லில் இருக்கிறது, வாத்தியார் அதைத் திறந்து காட்டினார். அதற்காக அவரை அனுப்பினால், நாளைக்கு இந்தக் காலேஜில் மாட்டுக்காரர் முகத்தைப் பார்த்து மாட்டுக்கு வயசு எழுதத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள்."

இரண்டாம் தரம் ஏன் வாசித்தார் தெரியுமா? நான்தான் கேட்டேன். காதில் சரியாக விழவில்லை என்று பொய் சொன்னேன். போன வருஷம் உன் சிநேகிதன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தபோது, அப்பா வியாபாரம் செய்கிறார் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்தாயே, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டேன். தப்பாக நினைக்கவில்லை, படிக்கிற பிள்ளை, கூச்சம் இருக்கும் என்று விட்டுவிட்டேன், ஆனால் மறக்கவும் இல்லை. அந்தப் பிள்ளை முந்நூறு பேர் நடுவில், ராவ்பகதூர் கட்டின கூடத்தில் நின்றுகொண்டு, என் தகப்பனார் மாட்டுத் தரகர் என்று ஆரம்பித்திருக்கிறான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அடக்கத் தெரியாமல் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். வராந்தாவிலிருந்து உன் மாமன், "அடேயப்பா, மாப்ள, இது நீ தெனமும் சொல்றதாச்சே! இதுக்கா பயலைத் தொரத்துறாங்க, அப்ப ஒன்னையத்தானே தொரத்தணும்" என்று சத்தம் போட்டான். சேவலும் ஆமோதித்தது. ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன், மறுபடி எங்காவது பேசினால் சரியாகப் பேசு. பல்லை மட்டும் பார்த்தால் போதாது, ஏழு வயசுக்கு மேல் பல் ஏமாற்றும், கொம்பு வளையத்தையும் எண்ணணும். இது உனக்குத் தெரியாதா? எத்தனை தரம் காட்டியிருக்கிறேன்.

சிரிப்பைப் பார்த்து ராவ்பகதூருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரேயடியாக நீக்கு, வேறு காலேஜிலும் சேர்க்கக் கூடாதென்று எழுது என்றார். அதைக் கேட்டதும் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை கருத்தக்கண்ணா, முப்பது வருஷப் பழக்கம், எதிராளி ஒரேயடியாக உச்சத்தில் ஏறினால் கை தானாகத் துண்டுக்குப் போகும். பிரின்ஸிபால் பக்கத்தில் போய், மாசக் கணக்குங்க என்று சொல்லி, அவர் வலது கையை எடுத்து என் கையோடு வைத்து, மேலே சிவப்புக் கரைத் துண்டைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. காலேஜ் பிரின்ஸிபாலின் கையைக் காளைமாடு வாங்க வந்தவர் கை மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்! விடவும் பயம், பிடிக்கவும் பயம். சரி, தொட்டது தொட்டாச்சு என்று அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன், ஒரு மாசம் மட்டும் அவனை நிறுத்திவையுங்கள் என்று அர்த்தம். ராவ்பகதூர், "என்ன மிஸ்டர் ஹாலாஸ்யம், என்ன செய்கிறான் இந்த ஆள்" என்று எழுந்தேவிட்டார். பிரின்ஸிபால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "ஒண்ணுமில்லை ஸார், இது இவா ஊர் மரியாதை, நடுவிலே தடுக்கப்படாது" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே துண்டுக்குள் அவர் கை மெல்லத் திரும்பி என் நாலு விரலைப் பிடித்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயருக்கு விரல் பேசத் தெரிகிறது! நான் இரண்டு பிடித்தேன். அவர் யோசித்தார், சன்னலைப் பார்த்தார், ராவ்பகதூரைப் பார்த்தார், பிறகு என் மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். அந்த அமுக்குக்குச் சந்தையில், விலை முடிந்தது என்று அர்த்தம். மூன்று மாசம், தை பிறந்து கொஞ்ச நாளில் நீ திரும்பிப் போகலாம், பங்குனிப் பரீட்சை தப்பாது. எனக்கு உயிர் வந்தது. நெய்ச்சட்டியை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்தக் குமாஸ்தா பாரத்தை நகர்த்திவைத்து, என் தலைப்பாகையையும் வேட்டியையும் ஒரு பார்வை பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மேஜை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். பாரத்தின் அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு, இடது கைப் பெருவிரலுக்கு ஒரு கட்டம். அவர் கட்டத்தைக் காட்டி, இங்கே வை என்றார்.

உனக்குத் தெரியாதது இல்லை. ரேகைச் சட்டம் என்று ஒன்று போட்டு நம் ஆட்கள் எல்லோரையும் போலீஸ் ஸ்டேஷனில் விரலை மையில் தோய்க்க வைத்தார்கள், நானும் தோய்த்தவன்தான். மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகணும் என்றாலும் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போனேன். நான் என்ன தப்புச் செய்தேன் என்று ஒருநாள் ஒரு ஆள் எனக்குச் சொன்னது கிடையாது. இன்ன குற்றம் என்று சொல்லாமலே விரலை நீட்டு என்று சொல்லும் தாளை நான் முதல் தடவையாகவா பார்க்கிறேன்? என் மகன் செய்த குற்றமாவது இப்போது காதால் கேட்டாயிற்று, மாட்டின் வாயைத் திறந்து பார் என்றான், அது என் வாயிலிருந்து அவன் எடுத்த வார்த்தை. அதைத் தப்பு என்று நானே ரேகை வைத்தால் அப்புறம் எந்த மூஞ்சியோடு சந்தையில் மாட்டின் வாயைத் திறப்பேன்? உன் படிப்பும் கண்முன்னால் நின்றது, இல்லையென்று சொல்லவில்லை. துண்டுக்குள் முடிந்த விலை துண்டுக்குள்ளேயே இருந்தால் ராவ்பகதூருக்கு அது தெரியாது, ரேகையை வாங்காமல் விடமாட்டார் என்பதும் புரிந்தது.

துண்டை உருவித் தோளில் போட்டேன். முப்பது வருஷத்தில் செய்யாத காரியம். "மூணு மாசம்!" என்று சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன். "பிரின்ஸிபால் சாமி கையில மூணு மாசம்னு முடிஞ்சாச்சு. எம்மகன் மூணு மாசம் வீட்டுல இருப்பான், அப்புறம் திரும்பி வருவான். கையெழுத்துக் கெடையாது, ரேகை கெடையாது, பேசுனது பேசுனதுதான். இல்லைன்னா இல்லைன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க சாமி" என்றேன். ராவ்பகதூர் பிரின்ஸிபாலைப் பார்த்தார், நானும் பார்த்தேன், சன்னல் வழியாக உன் மாமனும் பார்த்தான். பிரின்ஸிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். துண்டுக்குள் முடிந்ததை வெளியே சொன்னதற்கு அந்த மனுஷர் இல்லையென்று சொல்லியிருந்தால் சந்தை நியாயப்படி என்மேல்தான் தப்பு, உன் படிப்பும் அங்கேயே முடிந்தது. கடைசியில், "ஆமாம் ஸார், நான்தான் சொன்னேன், மாணவனைத் தண்டிக்கிறது பிரின்ஸிபால் பொறுப்பு, மூணு மாசம், எழுதிக்கொள்ளும்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். குரல் பாதிக்குமேல் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டார். ராவ்பகதூர், உமது விஷயத்தைக் கமிட்டியில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார், போகிற வழியில் வராந்தாவில் சேவல் காலைச் சுற்றியது.

நான் வாசல் கேட்டைத் தாண்டுகிற சமயம் பிரின்ஸிபால் வேகவேகமாக வந்தார். சின்ன வயசில் அவர் தகப்பனார் உசிலம்பட்டியில் சப் ரிஜிஸ்திராராக இருந்தாராம், பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்தையில் நின்று வேடிக்கை பார்த்தே விரல் பேச்சைக் கற்றுக்கொண்டாராம். சொல்லும்போது முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. அப்புறம் முன்னும் பின்னும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, "பேயாண்டி, அந்த மடைக் கல்லை நானும் படிச்சிருக்கேன், அனந்தநாராயணன் சொன்னது அத்தனையும் சரி" என்றார். எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "சாமி, இதை எங்கிட்ட ஏன் ரகசியமாச் சொல்றீக, நானா கமிட்டி?" என்றேன். கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், வேலை போனால் என்ன செய்வேன் என்றார். அம்புட்டுப் படித்தவர், தன் காலேஜில் இருக்கிற கல்லைப் பற்றி மாட்டுத் தரகன் காதில்தான் சொல்ல முடிகிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் இது அவசியமாகத் தெரிகிறது என்றேன். வாங்கிக்கொண்டார். உன் மாமன் அதைப் பார்த்து, மரியாதை நடக்கிறது என்று நினைத்துச் சேவலையும் நீட்டினான். நல்லவேளை, அதை வாங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் உன் ஆத்தா உன்னைப் பற்றி ஒரு கேள்வியும் துண்டைப் பற்றி ஒன்பது கேள்வியும் கேட்டாள். உன் மாமன் காப்பிக் கடையில் தானே பேசி உன்னைக் காப்பாற்றினதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், சேவலைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். எனக்குத்தான் போன சந்தையில் கொஞ்சம் கஷ்டம். அண்ணே, துண்டை எடுத்துட்டுக் கூவிட்டீகளாமே என்று இரண்டு பேர் என் துண்டுக்குள் கைவிடத் தயங்கிவிட்டார்கள். மூன்றாம் ஆளாக வந்த எழுமலைக்காரர், வாயாலேயே சொல்லுங்க அண்ணே, கேட்டுக்கிறேன் என்றார். சொன்னேன், பத்துப் பேர் கேட்டார்கள், ஆனாலும் மாடு விற்றது. வானம் இடிந்து விழவில்லை, இருந்தாலும் பழக்கம் விடுமா, அடுத்த மாட்டுக்குத் துண்டைப் போட்டுத்தான் பேசினேன்.

உனக்கு ஆர்டர் இந்நேரம் கைக்கு வந்திருக்கும். தலையைத் தொங்கப்போடாதே, தலையை ரொம்பத் தூக்கிக்கொண்டும் வராதே. புஸ்தகம் ஒன்று விடாமல் கட்டிக்கொண்டு வா, மதுரையில் இறங்கிப் போடி வண்டி பிடி, ரயிலில் யாரோடும் வாதம் பண்ணாதே, எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பிரயாணம் வேண்டாம். காலையில் படி, சந்தை நாளில் மட்டும் என்னோடு வந்து கயிற்றைப் பிடி, கொம்பு வளையம் எண்ண மறந்துவிட்டாய் என்று தெரிகிறது. அனந்தநாராயணன் வாத்தியார் சும்மாதானே இருக்கிறார், அவரையும் அழைத்துவா. நம் கண்மாய் மடையிலும் பாசி பிடித்த ஒரு கல் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறதென்று இதுவரை யாருக்கும் தெரியாது, வாசித்துச் சொல்லட்டும். கண்மாயை வெட்டினது தன் தாத்தா என்று உன் மாமன் இருபது வருஷமாகச் சொல்லி முதல் மரியாதை வாங்கி வருகிறான், வாத்தியார் வருகிறார் என்றதும், கல் தேய்ந்துபோச்சு மாப்ள, எழுத்தே இல்லை என்கிறான். காலேஜில் ஒரு நியாயம், கண்மாயில் ஒரு நியாயமா என்று கேட்டேன், சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். யார் பெயர் வந்தாலும் வரட்டும். என் தாத்தா பெயர் வந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டேன்.

இனிமேல் எந்தக் கூட்டத்திலும் பேசவே கூடாது என்று உன் ஆத்தா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன், அது அவள் சொன்னது. நான் சொல்வது, பேசினால் அன்றைக்கே எனக்கு ஒரு கார்டு போடு, என் மகன் என்ன பேசினான் என்று குமாஸ்தா வாசித்து நான் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அழகர் துணையிருப்பார், நீ நீண்ட ஆயுசோடும் நிறைந்த படிப்போடும் இருக்கணும். ஒன்று மறந்துவிடாதே. தை மாசம் நீ திரும்பிப் போனதும், கமிட்டிக் கூட்டத்தில் பிரின்ஸிபால் அந்தக் கல்லைப் பற்றி எல்லோர் காதிலும் விழ வாய்திறந்து சொன்னாரா என்று விசாரி. சொல்லியிருந்தால் என் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா, உன் ஆத்தா தினமும் கேட்கிறாள். சொல்லவில்லை என்றால் கேட்காதே, பாவம், அவரிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பன்,
மாட்டுத் தரகு பேயாண்டி
(கையெழுத்து, ரேகை அல்ல)